அபின், காய்ச்சல், எதிர்ப்பு சக்தி: ஓர் உண்மை யாருக்கெல்லாம் உழைத்தது

1

"மார்பின் போட்டா எதிர்ப்பு சக்தி போயிருமுங்க. அப்புறம் சளி புடிச்சாலே ஆள் தாங்க மாட்டாங்க."

1998 மழைக்காலத்தில், கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் வராந்தாவில் நின்று இந்த வாக்கியத்தைக் கேட்டேன். உள்ளே படுத்திருந்தவர் எங்க பெரியம்மா. உடுமலைப்பேட்டையில் ஒரு நூற்பாலையில் இருபத்தேழு வருடம் நின்றே வேலை செய்தவர். பசி தெரியாமலிருக்கக் கன்னத்தில் புகையிலை அடக்கிக்கொள்வார். அந்தக் கன்னத்தில்தான் புற்று வந்தது. பேச முடியாத வாயை வைத்துக்கொண்டு அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "வலிக்கு ஏதாச்சும் போடச் சொல்லு கண்ணு."

போடவில்லை. எதிர்ப்பு சக்தியைக் காப்பாற்றிக்கொண்டே நாற்பத்தோரு நாள் கத்திவிட்டுப் பெரியம்மா செத்துப்போனார். சில வருடங்களுக்குப் பிறகு, அந்த மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "மார்பின் வைக்க அங்க லைசென்ஸே கிடையாதுங்க. அது வாங்கறதுக்குள்ள தாவு தீந்துரும்னு விட்டுட்டாங்க."

டாக்டர் பொய் சொன்னார் என்று முடித்துவிட்டால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. அவர் சொன்னது பொய்யல்ல என்பதுதான் சிக்கல். அபினும் அதிலிருந்து எடுக்கப்படும் மார்பினும் உடலின் நோய்த்தடுப்பு அமைப்பைத் தளர்த்துகின்றன என்பது நூறு வருடத்துக்கும் மேலாக அறியப்பட்ட சங்கதி. உண்மையான ஒரு வாக்கியம், வேறொரு உண்மையை மறைக்கும் திரையாக அந்த வராந்தாவில் தொங்கிக்கொண்டிருந்தது. உண்மை எப்படித் திரையாகிறது? இதற்கு முன்னால் யார் யார் அதைத் திரையாக்கினார்கள்? இந்தக் கேள்வியோடுதான் நான் அபினின் வரலாற்றுக்குள் போனேன். நான் மருத்துவன் அல்ல. தமிழில் எழுதுகிறவன், அவ்வளவே.

2

19ஆம் நூற்றாண்டு இந்தியாவில் அபின் ஒரு பயிர், ஒரு மருந்து, ஒரு வருமானம். இந்த மூன்றில் அரசுக்கு முதன்மையானது மூன்றாவதுதான். பீகாரிலும் காசிச் சுற்றுவட்டாரத்திலும் விவசாயிக்கு முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடி பயிரிட வைத்தார்கள். காயைக் கீறி வடித்த பாலை அரசே வாங்கிக்கொண்டது. பாட்னா, காஜிப்பூர் தொழிற்சாலைகளில் உருண்டை பிடித்துக் கல்கத்தாவில் ஏலம் விட்டது. சீனா வாங்க மறுத்தபோது இரண்டு யுத்தங்கள் நடந்தன. உச்சத்தில் இருந்த காலத்தில் பிரிட்டிஷ் இந்திய அரசின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இந்தப் பாலிலிருந்து வந்தது.

இங்கிலாந்திலேயே இதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. தேவாலயங்களும் சீர்திருத்தக்காரர்களும் தொடர்ந்து கொடுத்த நெருக்கடியில் 1893-இல் ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. பிராசி பிரபு தலைவர். எழுநூறுக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1895-இல் ஏழு தொகுதிகளாக அறிக்கை வந்தது. இந்தியர்கள் அபினை அளவோடுதான் சாப்பிடுகிறார்கள், இங்கிலாந்தில் மது எப்படியோ இங்கே அபின் அப்படி, தடை தேவையில்லை என்பது அதன் சாரம். உறுப்பினர்களில் ஒருவரான ஹென்றி வில்சன் மறுப்புக் குறிப்பு எழுதினார். அது அறிக்கையின் போக்கை மாற்றவில்லை.

எனக்கு இங்கே முக்கியமாகப்படுவது அறிக்கையின் மருத்துவப் பகுதி. அபின் மலேரியாக் காய்ச்சலிலிருந்து உடலைக் காக்கிறது என்று டாக்டர்களும் அதிகாரிகளும் வரிசையாக வந்து சாட்சி சொன்னார்கள். ஆணையத்தில் இருந்த மருத்துவர் வில்லியம் ராபர்ட்ஸ் இதற்கு வேதியியல் விளக்கமும் கொடுத்தார். அபினில் மார்பின் மட்டுமல்ல, நார்கொட்டின் என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. மயக்கத்தைத் தருவது மார்பின், காய்ச்சலை அடக்குவது நார்கொட்டின். இந்திய அபினில் இது தாராளமாக இருக்கிறது. 1830களிலேயே கல்கத்தாவில் ஓஷானெசி இதைக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார். மயக்கம் தராத பொருளுக்கு மயக்கத்தின் பெயர் எதற்கு என்று அதன் பெயரையே 'அநார்கொட்டின்' என்று மாற்றினார்கள். ஆக, சீனாக்காரனுக்கு விற்றால் விஷம் என்று சொல்லப்பட்ட சரக்கு, இந்தியக் கூலிக்குக் கவசமாகிவிட்டது.

சென்னை மாகாணத்தில் அபின் அதிகம் விற்றது கோதாவரி, விசாகப்பட்டினம் மலைச்சரிவுகளை ஒட்டித்தான். அவை காய்ச்சல் நிலங்கள். நம்ம பக்கம் கள்ளும் சாராயமும்தான் கஜானாவை நிரப்பின. காய்ச்சல் உள்ள இடத்தில் அபின் விற்கிறது, ஆகவே அபின் காய்ச்சலைத் தடுக்கிறது என்பது ஆணையத்தின் தர்க்கம். ஆஸ்பத்திரி உள்ள தெருவில் பூக்கடை அதிகம், ஆகவே பூ நோயைத் தடுக்கிறது என்பது போல.

ஆனால் சாட்சி சொன்ன மக்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அபின் நடுக்கத்தைக் குறைக்கும், எலும்பு வலியை மறக்க வைக்கும், வயிற்றுப்போக்கை நிறுத்தும், தூங்க வைக்கும். குளிர்க்காய்ச்சலில் கிடந்தவனுக்கு இது கண்கூடான அனுபவம். நோயின் துன்பம் குறைவதை நோய் குறைவதாக எடுத்துக்கொள்வது சாமானியனின் பிழை. அந்தப் பிழையின் மேல் ஏழு தொகுதி எழுதியது அரசின் தேவை. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

நார்கொட்டின் இன்று நாஸ்கபின் என்ற பெயரில் இருமல் மருந்தில் இருக்கிறது. மலேரியாவுக்கு அதை யாரும் கொடுப்பதில்லை.

3

அறிக்கை வெளிவந்து இரண்டு வருடம் கழித்து, 1897 ஆகஸ்டில், செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். அதற்கு அடுத்த வருடம், 1898-இல், பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அபின் ஆணையத்தின் சாட்சிகள் யாரும் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. செய்தவர் ருமேனியாவைச் சேர்ந்த கந்தகுசினோ. மெச்னிகாஃபின் மாணவர்.

மெச்னிகாஃப் 1882-இல் மெசினா கடற்கரையில் நட்சத்திர மீனின் குஞ்சுக்குள் முள்ளைக் குத்திவைத்து, உடம்பின் அலையும் செல்கள் அந்த முள்ளை வந்து மொய்ப்பதைப் பார்த்தவர். விழுங்கும் செல்கள் என்ற கருத்து அங்கிருந்துதான் பிறந்தது. கிருமி உள்ளே வந்தால் ரத்தத்தின் வெள்ளணுக்கள் ஓடிவந்து அதை விழுங்கிச் செரிக்கின்றன, நோய்த்தடுப்பு என்பதன் அடிப்படை இதுதான் என்றார். மாணவர் கந்தகுசினோ இதை வேறு பக்கமிருந்து சோதித்தார். இந்தச் செல்களைத் தூங்க வைத்துவிட்டால் என்ன ஆகும்? கினிப்பன்றிகளுக்கு அபின் கொடுத்துவிட்டுக் காலராக் கிருமியைச் செலுத்தினார். வெள்ளணுக்கள் வர வேண்டிய இடத்துக்கு வரவில்லை. கிருமிகள் பெருகின. அபின் கொடுக்காத விலங்குகள் சமாளித்த கிருமியிடம் அபின் கொடுத்த விலங்குகள் தோற்றன.

அபின் ஆணையமும் இந்தப் பரிசோதனையும் மூன்றே வருட இடைவெளியில் நிற்கின்றன. ஒரே பொருள், எதிரெதிரான இரண்டு முடிவுகள். அபின் காய்ச்சலிலிருந்து காக்கும் என்றது லண்டன். காக்கும் செல்களையே அபின் முடக்கும் என்றது பாரிஸ். ஆனால் இவை மோதிக்கொள்ளவே இல்லை. காரணம் எளிது. இரண்டு இடத்திலும் கேட்கப்பட்ட கேள்விகள் வேறு. கூலி நாளைக்கு வேலைக்கு வருவானா, கஜானா நிரம்புமா என்பது ஆணையத்தின் கேள்வி. செல் எப்படி நகர்கிறது என்பது ஆய்வுக்கூடத்தின் கேள்வி. அபின் தின்கிறவனின் உடம்புக்கு நாளடைவில் என்ன ஆகிறது என்பதை இரண்டு பேரும் கேட்கவில்லை. அவன் ஓரிடத்தில் சாட்சி, இன்னோரிடத்தில் அவனுக்குப் பதில் கினிப்பன்றி.

4

இந்தக் கேள்வியை எங்கள் மலைக்குக் கொண்டுவருகிறேன். உடுமலையிலிருந்து தெற்கே பார்த்தால் ஆனைமலைத் தொடர் தெரியும். 1890கள் தொடங்கி வால்பாறைப் பக்கம் காடழித்து முதலில் காப்பியும் பிறகு தேயிலையும் போட்டார்கள். சமவெளியிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்துப் பிடித்துப்போன தலித் குடும்பங்கள் அங்கே காய்ச்சலில் கொத்துக்கொத்தாகச் செத்தன. அங்கே மருத்துவராகவும் தொழிற்சங்கக்காரராகவும் இருந்த பி.எச்.டேனியல் அந்தச் சாவுகளை 1969-இல் நாவலாக எழுதினார். இரா.முருகவேள் தமிழாக்கத்தில் 'எரியும் பனிக்காடு' என்று நாம் படித்தது அதுதான்.

அந்த மலையிலேயே சின்கோனா என்று ஓர் ஊர் இருக்கிறது. கொய்னாப் பட்டை மரத்துக்காக அரசு உண்டாக்கிய தோட்டத்தின் பெயர், ஊரின் பெயராக நின்றுவிட்டது. நீலகிரியில் 1860களிலேயே இந்த மரத்தை நட்டு, நடுவட்டத்தில் கொய்னா எடுத்தார்கள். அதாவது அபின் காய்ச்சலைக் காக்கும் என்று ஆணையம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், உண்மையிலேயே காய்ச்சலைக் கட்டுப்படுத்தும் மருந்து அதே அரசின் தோட்டத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. வங்காளத்தில் 1892 முதல் தபாலாபீசில் காலணாப் பொட்டலமாகக்கூட விற்றார்கள். எங்க ஆத்தா, "கொய்னாவ முழுங்குனா நாக்கு மூணு நாளைக்குக் கசக்கும்" என்பார். மருந்தின் நினைவு அவருக்குக் கசப்பாகத்தான் இருந்தது. அபின் கசப்பை மறக்க வைப்பது. எதை வேண்டுமானாலும் மறக்க வைப்பது.

பம்பாய் ஆலைகளில் வேலைக்குப் போன பெண்கள் கைக்குழந்தைகளுக்கு அபின் உருண்டை கொடுத்துத் தூங்க வைத்ததை 1920களின் தொழிலாளர் விசாரணைகள் பதிவு செய்தன. பிள்ளையை விட்டுவிட்டுப் போக இடமில்லை, கூட்டிப்போக அனுமதியில்லை, பால் கொடுக்க நேரமில்லை. தாயின் அறியாமை என்றார்கள். ஆலையில் தொட்டில் கட்ட இடமில்லாததற்குத்தான் அபின் என்று பெயர் என்பேன் நான்.

5

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் கந்தகுசினோவின் கண்டுபிடிப்பைப் பெரிதாக யாரும் தொடரவில்லை. ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்குச் சீழ்க்கட்டி, ரத்தத்தில் கிருமி, இதய வால்வில் தொற்று எல்லாம் வருவதை மருத்துவர்கள் பார்த்தார்கள். 'அழுக்குப் பழக்கம், அழுக்கு உடம்பு' என்பதே போதுமான விளக்கமாக இருந்தது. ஒழுக்கம் விளக்கிவிட்ட இடத்தில் விஞ்ஞானத்துக்கு வேலையில்லை.

1973-இல் மூளையில் அபினுக்கென்றே ஏற்பிகள் இருப்பது தெரிந்தது. சாவிக்கு ஏற்ற பூட்டு போல. கசகசாச் செடிக்காக மனித மூளை பூட்டுச் செய்து வைத்திருக்குமா? 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூசும் காஸ்டர்லிட்ஸும் விடை சொன்னார்கள். நம் உடம்பே அபினைப் போன்ற பொருளைச் சுரக்கிறது. 1979-இல் பெல்ஜியத்தின் வைப்ரான் குழு, ரத்தத்தின் டி-அணுக்களிலும் அந்தப் பூட்டுகள் இருப்பதற்கான தடயங்களைக் காட்டியது. வலியின் மொழியும் நோய்த்தடுப்பின் மொழியும் ஒரே எழுத்தில் எழுதப்பட்டவை என்று அப்போதுதான் தெரிய ஆரம்பித்தது.

இன்று அறியப்பட்டதை இயன்றவரை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். மார்பின் நான்கு வழிகளில் வேலை செய்கிறது. ஒன்று, வெள்ளணுக்களின் மேலுள்ள ஏற்பிகளில் நேரடியாக ஒட்டி, விழுங்கும் செல்லை மந்தமாக்குகிறது. இரண்டு, மூளை வழியாகச் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டி, நோய்த்தடுப்பை அடக்கும் கார்டிசோலைச் சுரக்க வைக்கிறது. மூன்று, மண்ணீரலுக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் போகும் நரம்புகளைத் தூண்டி, புற்றுச் செல்களையும் வைரஸ் தொற்றிய செல்களையும் அழிக்கும் இயற்கைக் கொல்லி அணுக்களைத் தளர்த்துகிறது. நான்கு, குடலின் ஓட்டத்தை நிறுத்தி, குடல் சுவரைக் கசிய விட்டு, அங்கிருக்கும் கிருமிகளை உள்ளே அனுப்புகிறது. இத்தோடு, பழகியவருக்குத் திடீரென்று நிறுத்தினால் அந்தத் தவிப்பும் நோய்த்தடுப்பைக் குலைக்கிறது. போட்டாலும் குறைகிறது, பிடுங்கினாலும் குறைகிறது.

எல்லா அபின் வகை மருந்துகளும் ஒன்றல்ல. மார்பின், ஃபென்டனில் அதிகம் அடக்குகின்றன. புப்ரினார்ஃபின், டிரமடால் குறைவாகவே அடக்குவதாக ஆய்வுகள் சொல்கின்றன. மனிதர்களிடம் இதன் விளைவு என்ன? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்து 2018-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, டாக்டர் சீட்டோடு அபின் வகை மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நிமோனியாக் கிருமியின் கடும் தொற்று கூடுதலாக இருந்ததைக் காட்டியது. ஆக, கோவை டாக்டர் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது.

1998-இல் பிரான்சில் ஒரு சோதனை செய்தார்கள். மார்பின் ஒட்டும் முக்கிய ஏற்பியான 'மியூ' இல்லாத எலிகளை உருவாக்கி, அவற்றுக்கு மார்பின் கொடுத்தபோது நோய்த்தடுப்பு குறையவில்லை. வலியும் குறையவில்லை. வலியை நீக்கும் கதவும் நோய்த்தடுப்பைத் தளர்த்தும் கதவும் ஒன்றேதான் என்று உறுதியானது. கந்தகுசினோவுக்கு அப்புறம் சரியாக நூறு வருடம். எங்க பெரியம்மா படுத்திருந்த அதே வருடம்.

6

இனி நான் சொல்லப்போவது எங்களைப் பற்றியது.

1980களில் எய்ட்ஸ் வந்தது. தமிழகத்தில் 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளை எடுத்து, வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்க வைத்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகத் தெரியவந்தது அப்படித்தான். அதற்கடுத்த வருடம் அமெரிக்காவில் பீட்டர் டியூஸ்பர்க் என்ற விஞ்ஞானி, எச்.ஐ.வி. தீங்கற்ற வைரஸ் என்று எழுத ஆரம்பித்தார். பிறகு எய்ட்ஸ் என்பது போதைப்பொருள்களாலும் எய்ட்ஸ் மருந்துகளாலும் வரும் சீரழிவு என்றார். ஹெராயின் நோய்த்தடுப்பைக் குறைக்கிறது என்பதற்கு ஏற்கெனவே ஆய்வுகள் இருந்தனவே, அவற்றையும் சேர்த்துக்கொண்டார்.

எங்கள் வட்டத்தில் இது பிடித்துப்போயிற்று. விஞ்ஞானம் ஒரு சொல்லாடல், நோய் ஒரு கட்டமைப்பு, வைரஸ் என்பது மருந்துக் கம்பெனிகளின் பெருங்கதையாடல் என்றெல்லாம் உடுமலை டீக்கடையில் உட்கார்ந்து நானும் பேசினேன். ஃபூக்கோவை முக்கால்வாசி தவறாகவும் கால்வாசி மொழிபெயர்ப்பிலும் படித்திருந்த காலம். அதிகாரத்தை எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டு, சாகிறவனின் பக்கம் நிற்கத் தவறினோம்.

டியூஸ்பர்க்கின் வாதம் எளிய கேள்விக்கே நிற்கவில்லை. போதையே அறியாத, ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் ஏன் எய்ட்ஸ் வந்தது? எச்.ஐ.வி. இல்லாத ஹெராயின் அடிமைக்கு ஏன் வரவில்லை? ஆனால் அதிகாரத்தில் இருந்த ஒருவர் அதை நம்பினார். தென்னாப்பிரிக்க அதிபர் தபோ இம்பெகி 2000-இல் அமைத்த குழுவில் டியூஸ்பர்க் இருந்தார். அரசு மருந்து கொடுக்கத் தயங்கியது. அந்தத் தயக்கத்தால் 2005 வரைக்கும் போன உயிர்கள் 3,30,000-க்கும் மேல் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008-இல் கணக்கிட்டார்கள். நிறவெறியை எதிர்த்துப் போராடிய இயக்கத்தின் ஆட்சியில் இது நடந்தது. காலனிய அறிவின் மேல் வைத்த நியாயமான சந்தேகம், தன் மக்களையே கொன்ற கதை இது.

அபின் நோய்த்தடுப்பைத் தளர்த்தும். அது எய்ட்ஸை உண்டாக்காது. முதல் வாக்கியம் உண்மை என்பதாலேயே இரண்டாவது வாக்கியத்தை மறைக்க அது பயன்பட்டது. சோதனைக்குழாயில் மார்பின் எச்.ஐ.வி.யின் பெருக்கத்தைக் கூட்டுகிறது என்பதும் காட்டப்பட்டிருக்கிறது. மனிதர்களிடம் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. ஆனால் சென்னையில் 1990களில் நடந்தது என்ன? ஹெராயின் புகைத்துக்கொண்டிருந்தவர்கள் மருந்துக்கடையில் மலிவாகக் கிடைத்த புப்ரினார்ஃபின் ஊசிக்கு மாறினார்கள். ஊசி ஒன்று, ஆள் நாலு. ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குள் போயிற்று. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஆளுக்கொரு சுத்தமான ஊசி. கிடைத்தது போலீஸ் அடி.

7

பெரியம்மாவிடம் திரும்புகிறேன்.

1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. குறைந்தது பத்து வருடத் தண்டனை. மார்பின் வைத்திருக்கும் மருத்துவமனை பல அனுமதிகளை ஒரே நேரத்தில் செல்லுபடியாகும்படி வைத்திருக்க வேண்டும். கணக்கில் ஒரு பிசகு என்றாலும் ஜெயில் பயம். மருத்துவமனைகள் மார்பினைக் கைவிட்டன. நாட்டின் மருத்துவ மார்பின் பயன்பாடு தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் விழுந்து, 1997-இல் வெறும் 18 கிலோவுக்கு வந்தது. இத்தனை கோடிப் பேருக்குப் பதினெட்டுக் கிலோ. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசின் அபின் தொழிற்சாலைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் விவசாயிகள் லைசென்சோடு கசகசாக் காயைக் கீறிக்கொண்டுதான் இருந்தார்கள். பால் வெளிநாட்டுக்குப் போனது. வலி இங்கேயே தங்கியது. 1893-க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அன்றைக்குக் கூலிக்கு அபினைக் கொடுத்து ஏற்றுமதியைக் காப்பாற்றினார்கள். இன்றைக்குக் கொடுக்காமலே ஏற்றுமதி நடக்கிறது.

எதிர்ப்பு சக்தி வாதத்தை மருத்துவமாகவே எடுத்துப் பார்ப்போம். மார்பின் இல்லாவிட்டால் எதிர்ப்பு சக்தி பத்திரமாக இருக்குமா? அமெரிக்காவில் கேல் பேஜ் என்ற செவிலியர்-ஆய்வாளரும் சகாக்களும் 1993-இல் வெளியிட்ட சோதனை இதைத்தான் கேட்டது. எலிகளுக்கு அறுவை செய்து, புற்றுச் செல்களைச் செலுத்தினார்கள். அறுவையின் தாக்கத்தால் நுரையீரலில் புற்று அதிகமாகப் பரவியது. மார்பின் கொடுத்த எலிகளில் அந்தப் பரவல் குறைந்தது. வலியே நோய்த்தடுப்பை அடக்குகிறது. அதே கார்டிசோல், அதே நரம்புகள், அதே இயற்கைக் கொல்லி அணுக்கள். வலி இல்லாத உடம்பில் மார்பின் தளர்த்துவதை, கடும் வலியில் துடிக்கும் உடம்பில் மார்பின் ஓரளவு மீட்கவும் செய்யும். எலியின் கணக்கை அப்படியே மனிதருக்கு எழுதிவிட முடியாதுதான். ஆனால் கினிப்பன்றியின் கணக்கை மட்டும் எழுதி, எலியின் கணக்கை மறைத்தது எந்த நியாயம்? ஆறு வாரத்தில் சாகப்போகிறவருக்கு எதற்காக அந்த எதிர்ப்பு சக்தியைச் சேமித்து வைத்தார்கள் என்ற கேள்வியை நான் கேட்கவே வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு மார்பினை 1986-லேயே பரிந்துரைத்துவிட்டது. உடுமலையிலிருந்து மறையூர் வழியாக மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே கோழிக்கோட்டில் 1993 முதல் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் நண்பர்களும் வலி நிவாரணத்தை ஓர் இயக்கமாக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொன்னது ஒன்றுதான்: வாய்வழி மார்பின் மலிவானது, ஒழுங்காகக் கொடுத்தால் ஆபத்தில்லாதது. சட்டம் திருந்த 2014 ஆயிற்று. அத்தியாவசிய போதை மருந்துகளுக்கு நாடு முழுக்க ஒரே விதி என்று அப்போதுதான் மாற்றினார்கள். விதி மாறியது. டாக்டரின் பயமும் குடும்பத்தின் பயமும் அதே வேகத்தில் மாறவில்லை. இப்பவும் யாராவது போன் செய்து, "மார்பின் குடுத்தா சீக்கிரம் போயிருவாங்களாமே, நெசமுங்களா?" என்று கேட்கிறார்கள்.

8

இந்தக் கட்டுரையை இன்று எழுதக் காரணம் இன்னொன்றும் இருக்கிறது. கோவையிலும் திருப்பூரிலும் வலி மாத்திரையை, குறிப்பாக டாபென்டடாலை, பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் பையன்களைப் பற்றிய செய்தி வராத மாதம் இல்லை. விழுங்கச் செய்த மாத்திரையில் கரையாத தூள் இருக்கிறது. அது நரம்பை அடைக்கும். அழுக்குத் தண்ணீர் சீழ் கட்டும். ஊசியைப் பகிர்ந்தால் மஞ்சள்காமாலை சி, எச்.ஐ.வி. இவற்றோடு அபின் வகை மருந்தின் நோய்த்தடுப்புத் தளர்ச்சியும் சேர்கிறது. 'போதை எதிர்ப்பு சக்தியை அழிக்கும்' என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதுகிறார்கள். சரி. அழிந்துகொண்டிருப்பவனுக்கு என்ன கொடுக்கிறீர்கள்? புப்ரினார்ஃபினை நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையாகக் கொடுத்து ஊசியிலிருந்து மீட்கும் சிகிச்சை எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பல வருடங்களாகவே இருக்கிறது. 1990களில் சென்னைத் தெருவில் நோயைப் பரப்பிய அதே மருந்து, வேறொரு கையில், நோய்த்தடுப்பைக் குறைவாகத் தொடும் மருந்தாகிறது. மருந்து மாறவில்லை. ஊசியும் கையும் பார்வையும் மாறின.

நோய்த்தடுப்புக்கு ஐரோப்பியர் வைத்த பெயரின் லத்தீன் வேருக்கு 'வரியிலிருந்து, கடமையிலிருந்து விலக்கு' என்று பொருள். சட்டத்திலிருந்து மருத்துவத்துக்குப் போன சொல் அது. நம் கல்வெட்டுகளில் இதற்குச் சரியான சொல் உண்டு: இறையிலி. வரி கட்டாத நிலம். கோயிலுக்கும் பிரமதேயத்துக்கும் கிடைத்தது, உழுதவனுக்குக் கிடைக்காதது. அபின் வரி கொழித்த நாட்டில் யாருடைய உடம்பு இறையிலி, யாருடைய உடம்பு வரி கட்டியது என்று பிரித்துப் பார்த்தால், இதுவரை நான் எழுதிய அனைத்தும் அதற்குள் அடங்கிவிடும்.

எல்லா உண்மையும் அதிகாரத்தின் உருவாக்கமே என்று இனி நான் சொல்ல மாட்டேன். கந்தகுசினோவின் கினிப்பன்றிகள் எந்தச் சொல்லாடலையும் கேட்காமல் செத்தன. உண்மையைத் தனியாக விட்டுவிட்டால் போதும், அது தானாக நல்லது செய்யும் என்றும் சொல்ல மாட்டேன். ஓர் உண்மையை ஒருவர் நம்மிடம் சொல்லும்போது, அது சரியா என்று கேட்பதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது: இதைச் சொல்லிவிட்டு நீங்க எதைச் சொல்லாம விட்டீங்க? அந்த வராந்தாவில் நின்று நான் அதைக் கேட்டிருந்தால், லைசென்ஸ் இல்லை என்ற பதில் அன்றைக்கே வந்திருக்கும். பெரியம்மாவை வேறு எங்கேயாவது கூட்டிக்கொண்டு போயிருப்போம். மலையைத் தாண்டியாவது.